‘பு’ போட்ட வரிகள்

தெரிந்தேதான் விட்டுவைத்திருக்கிறீர்கள் மேடம். தெரியாமல் நடந்த வரைக்கும் நான் குற்றம் சொல்ல மாட்டேன், தப்பு எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் நான் போன் பண்ணிச் சொல்லி ஏழு மாதம் ஆகிவிட்டது, அந்த வெளிர் நீலப் புள்ளிகள் உங்கள் வரைபடத்தில் இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. இப்போதும் போனில் திறந்து பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நூற்று நாற்பத்து மூன்று. மத்தியானம் சாப்பிட்ட கை காய்கிற வரைக்கும் உட்கார்ந்து எண்ணினேன். திருத்துங்கள் என்று சொன்னதற்கு, “அடுத்த வெர்ஷன்ல பண்ணிடலாம் பாவாயிம்மா” என்றீர்கள். சரி, படித்தவர்கள், யூனிவர்சிட்டியில் நூறு வேலை இருக்கும் என்று விட்டேன். இன்றைக்குக் காலையில் அந்த அடுத்த வெர்ஷன் வந்திருக்கிறது, ஒரு படிவமாக வந்திருக்கிறது. புது ஆராய்ச்சி, புது நிதி, ஒரு ஜில்லாவுக்குப் போட்ட வரைபடத்தை மூன்று ஜில்லாவுக்கு இழுக்கப் போகிறீர்களாம். முதல் பக்கத்தில் ‘கருத்துருச் சுருக்கம்’ என்று ஒரு பெட்டி, அடியில் ‘களப் பங்குதாரர் கையொப்பம்’ என்று ஒரு கோடு. கோடு எனக்கு என்று தெரியும். பெட்டியும் எனக்காம். “ஒண்ணும் பெரிசா இல்ல பாவாயிம்மா, இருநூத்தம்பது வார்த்தை, உங்க பாஷையிலயே எழுதுங்க, அப்பத்தான் உயிர் இருக்கும், நாங்க இங்கிலீஷ் பண்ணிக்கறோம், அஞ்சு மணிக்குள்ள போட்டோ எடுத்து அனுப்பிச்சிருங்க.” இந்தக் குரல் செய்தியை நாலு தடவை கேட்டுவிட்டேன். நாலு தடவையும் நீலப் புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருநூற்றைம்பது வார்த்தை என்னிடம் கேட்கிற உங்களுக்கு என்னிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

மணி இரண்டரை. சங்ககிரி ரோட்டில் இந்தப் பத்துக்குப் பத்து ஆபீசில் ஃபேன் ஓடுகிறது, காற்று வரவில்லை, எதிர் ஷெட்டில் போர் வண்டிக்கு வெல்டிங் வைக்கிறான், அந்த வெளிச்சம் கண்ணாடிக் கதவில் பட்டுப் பட்டு என் பேப்பரில் விழுகிறது. கருத்துரு. யார் மேடம் இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தது. கருத்துக்கு உரு வேண்டும், அந்த உருவத்தையும் சுருக்க வேண்டும், சுருக்கினதை ஒரு பெட்டிக்குள் அடைக்க வேண்டும். ‘கொங்குப் பகுதியில் நிலத்தடி நீர் மட்டம் நாளுக்கு நாள்’ என்று ஒரு வரி எழுதினேன். படித்துப் பார்த்தேன். இது நான் பேசுகிறதா, ரேடியோ பேசுகிறதா? அடித்தேன். ‘விவசாயிகள் படும் துயரம்’ என்று ஒரு வரி. அதையும் அடித்தேன், துயரத்தை நான் பார்த்தவள், அதைப் பார்த்தவர்கள் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். எனக்கு அளவு என்றால் போர் குழிக்குள் இறக்குகிற ராடு. ஒரு ராடு இருபது அடி. ஒரு வார்த்தைக்கு ஒரு ராடு என்று இறக்கினால் இருநூற்றைம்பதுக்கு ஐயாயிரம் அடி ஆகிறது, அவ்வளவு ஆழம் எங்கள் ஊர் வண்டி எதுவும் போனதில்லை, போனால் எண்ணெய்தான் வரும். பேரம் பேசச் சொல்லுங்கள், பேசுவேன். இந்த ரோட்டு முக்கில் டீக்கடை போட்டிருந்த காலத்தில் போர்வெல் ஏஜென்ட்டுகள் எல்லாம் என் பெஞ்சில் உட்கார்ந்துதான் காட்டுக்காரர்களிடம், நிலம் வைத்திருக்கிறவர்களிடம், பேசுவார்கள், டீ ஆற்றிக்கொண்டே கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது அது. நானே ஒரு பார்ட்டியைப் பிடித்து முதல் வண்டியை அனுப்பின அன்றைக்கு, “பொம்பள நின்னா ஊத்து ஓடிப்போயிருமுங்க” என்று என் காதுபடச் சொன்னார்கள். நின்றேன். ரெண்டரை இஞ்சு தண்ணி. அதற்கப்புறம் யாரும் சொல்லவில்லை, முதுகுக்குப் பின்னால் சொல்லியிருக்கலாம், முதுகுக்குக் காது கிடையாது. அடிக்கு இவ்வளவு என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன், அவ்வளவுதான் என் வித்தை. அவர் காலைத் தேய்ப்பார், வானத்தைப் பார்ப்பார், வீட்டுக்காரம்மாவைத் திரும்பிப் பார்ப்பார். பொறுக்க முடியாமல் முதலில் பேசுகிறவர் இறங்கி வருவார். எதிரில் ஆள் இருந்தால் இதெல்லாம் நடக்கும். இந்தப் பெட்டியிடம் எப்படிப் பேசுவது. அது வாயை மூடிக்கொண்டு என்னைவிடக் கெட்டிக்காரத்தனமாக உட்கார்ந்திருக்கிறது.

போன மாதமும் இப்படித்தான், இதற்கு முன்னோட்டம் என்று ஒரு பேப்பர் அனுப்பியிருந்தீர்கள். அதில் ‘ரிசர்ச் கேப் என்ன’ என்று ஒரு கேள்வி. எட்டாவது வரைக்கும் படித்த இங்கிலீஷை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன், படித்ததும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, அதை உங்களிடம் நான் சொல்லவே இல்லை. கேப் எனக்குத் தெரியாதா மேடம். பாறையை ஹேமர் அடித்துக்கொண்டே போகும், சத்தம் ஒரே மாதிரி வந்துகொண்டிருக்கும், திடீரென்று ராடு அரை அடி தானாக விழும், சத்தம் மாறும், எங்கள் டிரில்லர் மாதேசன் கையைத் தூக்குவான். அதுதான் கேப். பாறைக்குள் இருக்கிற விரிசல். தண்ணி இருந்தால் அங்கேதான் இருக்கும். அடடா, இவர்களும் நம் பாஷைதான் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, முதல் கேப் நூற்று எண்பதடியில், ரெண்டாவது நானூற்றுப் பத்தில், மேட்டுக்காடு என்றால் அறுநூறுக்குக் கீழே ஒன்று இருக்கலாம் என்று அழகாக எழுதி அனுப்பினேன். அனுப்பி டீ குடிப்பதற்குள் கூப்பிட்டுவிட்டீர்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினீர்கள், பின்னால் இன்னொருத்தர் அடக்காமல் சிரித்தது கேட்டது. “ஐயோ பாவாயிம்மா, அது அந்தக் கேப் இல்ல. இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்காம விட்டது எதுவோ, அதுதான் கேப்பு.” நானும் சிரித்தேன். யாரும் கண்டுபிடிக்காமல் பாறைக்குள் கிடப்பதும் அதுவும் ஒன்றுதானே என்று கேட்க வந்து, கேட்காமல் சிரித்துவைத்தேன். போனை வைத்த பிறகு காது சூடாக இருந்தது. ரொம்ப நேரம் சூடாக இருந்தது. இப்போதும் இதை நினைத்தவுடன் அதே காது சுடுகிறது பாருங்கள், வலது காது.

எழுதுகிறேன். ‘நான் பத்தொன்பது வருஷமாகப் போர்வெல் ஏஜென்ட். போட்ட ஒவ்வொரு போரையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.’ இருக்கிறேனா, இருந்தேனா. நோட்டு உங்களிடம் அல்லவா இருக்கிறது. ‘வைத்திருந்தேன்’ என்று மாற்றினேன், மாற்றினதும் செத்தவரைப் பற்றி எழுதுகிற மாதிரி ஆகிவிட்டது, பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பதினோரு நோட்டு, நீட்டு நோட்டு, காலிகோ பைண்டிங். ஊர், காட்டுக்காரர் பெயர், கேசிங் பைப் எத்தனை அடி, எத்தனை ராடு இறங்கியது, கேப் எங்கே, கடைசியில் தண்ணி எத்தனை இஞ்சு. தண்ணி வராவிட்டால் ‘பு’ என்று ஒரு எழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி. நல்ல மனசோடு எழுத ஆரம்பித்தேன் என்று சொன்னால் பொய். ஒரு காட்டில் ஏமாந்தால் அடுத்த காட்டுக்காரர், “பக்கத்துக் காட்டுலயே வரலீங்களே, கொறச்சுப் போடுங்க” என்று இழுப்பார், அவருக்குப் பதில் சொல்லத்தான் எழுதினேன், எந்தக் காட்டில் எத்தனை அடி என்று வாயில் வந்தால் எதிராளி அடங்குவார். அந்த ‘பு’ என்ன என்று உங்கள் ஆட்கள் யாரும் என்னைக் கேட்கவில்லை. புகை மேடம். போர் போட்டுத் தண்ணி வரவில்லை என்றால் எங்கள் தொழிலில் யாரும் தண்ணி வரவில்லை என்று சொல்ல மாட்டோம், புகையாகிவிட்டது என்போம். கம்ப்ரசர் காற்று அடிக்க அடிக்கக் குழியிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பாறைத் தூள் எழும்பும், ஆள் உயரம், வேப்பமர உயரம், நின்றவர் தலை, புருவம், ஈரத்துணி, மாட்டுத் தொட்டி எல்லாம் மாவு கொட்டின மாதிரி ஆகிவிடும். முதல் தடவை பார்த்தபோது எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று ஓடியிருக்கிறேன். இன்றைக்கும் காலையில் இருமினால் கொஞ்ச நேரம் நிற்காது, எத்தனை காட்டுப் புகை இந்த நெஞ்சுக்குள் இருக்கிறதோ. ஏன் முழுசாக ‘புகை’ என்று எழுதவில்லை, ஒற்றை எழுத்தில் ஏன் சுருக்கினாய் என்று கேட்பீர்கள். அந்த வரியை எழுதும்போது காட்டுக்காரர் பக்கத்தில்தான் நிற்பார். முகமெல்லாம் வெள்ளையாக, கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு, நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்ப்பார். அவர் பார்க்க அந்த வார்த்தையை முழுசாக எழுத எனக்கு ஒரு நாளும் கை வந்ததில்லை. அவ்வளவுதான் விஷயம். நீங்கள் சொல்கிற சுருக்கம் அது இல்லை.

நாலு வருஷம் முன்னால் நீங்கள் ஜீப்பில் வந்து இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தீர்கள். ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தடவிக் கொடுத்தீர்கள், படித்தீர்களா என்று தெரியாது, தடவினீர்கள். “பாவாயிம்மா, இது பொக்கிஷம். புஸ்தகத்துல உங்க பேர் வரும்.” என் பெயர் இந்த ரோட்டில் போர்டில் இருக்கிறது, ரசீதில் இருக்கிறது, சண்டை போட்டவர்கள் வாயில் இருக்கிறது. புஸ்தகத்தில் கிடையாது. பதினைந்து நிமிஷத்தில் பதினோரு நோட்டையும் சாக்கில் கட்டி ஜீப்பில் ஏற்றினேன். ஒரு மோட்டார் வாங்கினால்கூட மூன்று கடை ஏறி இறங்குகிறவள். என் ஆயுசில் பேரம் பேசாமல் கொடுத்தது அது ஒன்றுதான். ஸ்கேன் பண்ணிவிட்டு ஒரு மாதத்தில் தருவதாகச் சொன்னீர்கள். புஸ்தகம் வந்தது, வழவழ என்று. என் பெயரைத் தேடினேன். ‘உள்ளூர் மக்களின் ஒத்துழைப்புடன்’ என்று இருந்தது, நான்தான் உள்ளூர் மக்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதைக்கூட விட்டுவிட்டேன். பெயருக்காகத்தான் இன்னும் கத்துகிறாள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், இல்லை, அது வேறு, அது ஆறிப்போய்விட்டது, ஆறிப்போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். புஸ்தகத்தோடு அந்த வரைபடம் போனிலும் வந்தது. கரு நீலப் புள்ளி, வெளிர் நீலப் புள்ளி. ஊர் முழுக்க ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டார்கள். ஏதோ கோயில் பிரசாதம் மாதிரி.

போன ஆவணியில் சென்னியப்பன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். எலந்தக்காட்டுவலசில் நாலு ஏக்கர் மேட்டுக்காடு, குச்சிக்கிழங்கு போடுகிறவன், பேச்சே மெதுவாக வரும். “ஏனுங்க்கா, இதுல பாருங்க, எங்க காட்டுல ஒரு புள்ளி இருக்குதுங்.” பார்த்தேன். இருந்தது, வெளிர் நீலம். எனக்குள் எதுவோ இடறியது மேடம். அந்த வலசில் எப்போதோ நின்றிருக்கிறேன், ஒரு வெள்ளை நாய் தும்மிக்கொண்டே சுற்றிச் சுற்றி ஓடியது ஞாபகம் வருகிறது. சென்னியப்பன் அந்தக் காட்டை வாங்குவதற்கு முன்னால், பழைய காட்டுக்காரர் காலத்தில். வெள்ளை நாய். அந்தக் காடா, தாண்டி ஒரு காடா, பத்தொன்பது வருஷத்தில் எத்தனை காடு, எத்தனை நாய். கையை நீட்டினேன், பழக்கத்தில், அலமாரியில் நோட்டு இருக்கிற இடத்துக்கு. அலமாரியில் சுருட்டின காலண்டர்தான் இருந்தது. “எனக்கு அவ்வளவு நம்பிக்கையா இல்லையேப்பா” என்றேன். “நீலம்னாத் தண்ணிதானுங்களே” என்றான். “யூனிவர்சிட்டிக்காரங்க போட்டதுங்க, சும்மாவா போடுவாங்க.” அங்கேதான் நான் விழுந்தேன். என் நோட்டிலிருந்துதானே அதை எடுத்தார்கள், நான் எழுதினதை நானே மறந்திருப்பேன், அவர்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருப்பார்கள், அச்சில் வந்திருக்கிறதே. என் ஞாபகத்தைவிட அச்சைப் பெரிதாக நினைத்தேன். வண்டியை அனுப்பினேன். முப்பத்தேழு ராடு, எழுநூற்று நாற்பது அடி, ஒரு கேப் கிடையாது. மத்தியானத்திலிருந்து புகை. அவன் நாய், கறுப்பு நாய், அது வெள்ளையாகிச் சுற்றிச் சுற்றி ஓடித் தும்மியபோதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது, அன்றைக்குப் பார்த்த நாயும் வெள்ளை நாய் இல்லை, புகையில் வெளுத்த நாய். அதே காடு. சென்னியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, “விடுங்கக்கா, என்ற நேரம். உங்க மேல வருத்தமில்லீங்” என்றான். அடித்திருந்தால் தேவலை. மறுநாள் உங்கள் ஆபீசுக்குப் போன் பண்ணி, இந்த வெளிர் நீலம் என்றால் என்ன என்று கேட்டேன். அந்தப் பையன், உங்கள் ஆராய்ச்சி மாணவர், பாவம், புஸ்தகத்தைப் பார்த்துப் படித்தார், “புதிய ஆழ்துளைக் கிணறு, நீர் அளவு பதிவு செய்யப்படவில்லை.” இந்தப் ‘புதிய’ எங்கேயிருந்து வந்தது என்றேன். “நீங்கதாங்கம்மா ‘பு’ன்னு போட்டிருந்தீங்க.” நூற்று நாற்பத்து மூன்று புகைக்கும் நீலம் பூசிவிட்டீர்கள் மேடம். பூசினதை நம்பி நானே போய் விழுந்தேன், என் கையெழுத்தே என்னைத் தள்ளியது. அன்றைக்கே உங்களிடமும் பேசினேன். அடுத்த வெர்ஷன்.

மூன்றே முக்காலுக்கு மாதேசன் கூப்பிட்டான். பேப்பரில் ஐந்து வரி, ஐந்தும் அடித்தது. “அக்கா, என்ன, பரீச்சை எழுதறீங்களாமா? ரோடெல்லாம் பேச்சு.” வை போனை என்றேன். “வெக்கறேன் வெக்கறேன். காலைல வண்டி எலந்தக்காட்டுவலசுக்குத்தான? சென்னியப்பண்ணன் சொன்னாப்ல. உங்ககிட்டப் பேசிட்டதாச் சொன்னாரு.” என்னிடம் யாரும் பேசவில்லை. போனை வைத்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, வாசலில் டிவிஎஸ் நிற்கிறது, சென்னியப்பன் சிரித்துக்கொண்டே போனை நீட்டிக்கொண்டு வருகிறான். “இதுக்குள்ள மாதேசன் சொல்லிப்போட்டானுங்களா? நாஞ் சொல்லறதுக்குள்ள. எங்க அண்ணங்காட்டுலயும் அதே வெளிர் நீலப் புள்ளி இருக்குதுங்க்கா, பாருங்க, வடக்கோரத்துல.” பார்க்காமலே வேண்டாம் என்றேன். “போனதடவையும் நீங்க நம்பிக்கை இல்லைன்னுதான் சொன்னீங்க, அப்பறம் சரின்னீங்க” என்று சிரிக்கிறான், எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி. “அது என்ற நேரம். அண்ணன் நேரம் நல்லாருக்குதுங், சோசியரும் சொல்லீட்டாரு.” உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, நின்றுகொண்டேதான் கேட்டான். சொன்னேன் மேடம், ஏழு மாதமாக அவனிடம் சொல்ல வாய் வராததை. உங்களிடம் போனில் ஆத்திரமாகச் சொன்னதைப் போலச் சொல்ல வரவில்லை, சின்னப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி ஒரு பேப்பரில் ‘பு’ என்று எழுதிக் காட்டிச் சொன்னேன். இது நான் போட்டது. இதற்குப் புகை என்று அர்த்தம். அவர்கள் புதிது என்று படித்துவிட்டார்கள். உன் காட்டில் நீ வாங்குவதற்கு முன்னாலேயே புகை. உன் அண்ணன் காட்டிலும் அதுதான். அவன் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெல்டிங் வெளிச்சம் அவன் முகத்தில் பட்டுப் பட்டுப் போனது, பட்டபோதெல்லாம் அன்றைக்கு வெள்ளையாக இருந்த முகம் தெரிந்தது. “அப்ப அந்த நோட்டு உங்ககிட்ட இருந்திருந்தா?” என்றான். எடுத்துப் பார்த்திருப்பேன் என்றேன். “பாத்திருந்தா?” வண்டி வந்திருக்காது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. எதிராளி பேசாமலிருந்தால் நான் பேச மாட்டேன், அதுதான் என் வித்தை என்று சொன்னேனே, இன்றைக்கு அது என்னைக் கொன்றது. பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டான். “அந்த நோட்டை ஏனுங்க்கா குடுத்தீங்க?” கோபமே இல்லை அதில். தெரிந்துகொள்ளக் கேட்கிறான். என் பெயர் புஸ்தகத்தில் வரும் என்று சொன்னார்களப்பா, அதனால் கொடுத்தேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. டீ வாங்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றான். வாசலில் வண்டியை உதைத்துவிட்டு, கிளம்பாமல், எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை எடுத்துக் கேட்டான். “அண்ணங்கிட்ட நான் சொல்லிப்போடறனுங்க. மத்த புள்ளிக்காரங்களுக்கெல்லாம் யாருங்க சொல்றது?”

நாலேகால். யார் சொல்வது. போன் எடுத்து நூற்று நாற்பத்து மூன்று பேரைக் கூப்பிட முடியுமா, யார் பெயர், எந்த ஊர் என்பதெல்லாம் அந்தப் பதினோரு நோட்டில் அல்லவா இருக்கிறது. பாதிப் பேர் காட்டை விற்றிருப்பார்கள், வாங்கினவன் போனில் நீலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஏஜென்ட் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் இந்த ஊரில், நான் வேண்டாம் என்றால் அடுத்தவன் வண்டி அனுப்புவான், என்னை மாதிரியே அச்சை நம்பித்தான் அனுப்புவான், அவனைச் சொல்ல முடியாது. நீங்கள் ஒருத்தர்தான் மேடம் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரே விரலில் அத்தனை பேருக்கும் சொல்ல முடியும். இதை நினைத்தபோது அந்தப் பெட்டி எனக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. எழுத ஆரம்பித்தேன், அடிக்காமல். ஆனால் ஒரு வரியில் மறுபடி தட்டியது. ‘இதை நம்பிப் போர் போட்ட ஏஜென்ட்டும் ஏமாந்தார்’ என்று எழுதினேன். யார் அந்த ஏஜென்ட்? யாரோ ஒரு உள்ளூர் மக்களா? நீங்கள் செய்ததையே நானும் செய்கிறேன். பேனா நின்றது. அதில் பெயரைப் போட்டால் நாளைக்கு இது அச்சாகும், உங்கள் ஆராய்ச்சி மாணவரின் இங்கிலீஷிலிருந்து யாராவது தமிழுக்குத் திருப்புவார்கள், டீக்கடை பெஞ்சில் வாசிப்பார்கள், ‘பாவாயி போட்ட புகை, படத்தைப் பாத்துப் போட்ட புகை’ என்று கை தட்டுவார்கள். பத்தொன்பது வருஷமாக என் வாயைப் பார்த்து வந்த பார்ட்டிகள் அடுத்த கடைக்குப் போவார்கள். பெயர் வேண்டும் வேண்டும் என்று இருந்தேனே, புஸ்தகத்தில் முதல்முதலாக என் பெயர் வருகிற வரி இதுவா. தண்ணி குடித்தேன். ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். ஏஜென்ட் என்பதை அடித்துவிட்டு ‘பாவாயி’ என்று எழுதினேன். எரிச்சல்தான் வந்தது, இவ்வளவு சின்ன வேலைக்கா இவ்வளவு நேரம் என்று.

இதுதான் உங்கள் சுருக்கம். ‘நான் நோட்டில் பு என்று எழுதினது புகை. தண்ணி இல்லை என்று அர்த்தம். யூனிவர்சிட்டியில் அதைப் புதிது என்று படித்து நூற்று நாற்பத்து மூன்று இடத்தில் வெளிர் நீலப் புள்ளி வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தப் புள்ளியை நம்பி எலந்தக்காட்டுவலசில் பாவாயியாகிய நான் எழுநூற்று நாற்பது அடி போட்டுச் சென்னியப்பனுக்குப் புகை கொடுத்தேன். தண்ணி எங்கே இருக்கிறது என்று எல்லோரும் தேடுகிறார்கள். எங்கே இல்லை என்று யாரும் எழுதி வைக்கவில்லை, நான் எழுதி வைத்தேன். இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்காமல் விட்டது அதுதான்.’ எண்ணிப் பார்த்தேன், உங்கள் அளவில் கால்வாசிதான் வரும். மீதி முக்கால்வாசியை நீங்கள் ரேடியோ பாஷையில் நிரப்பிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் எழுதினதில் ஒரு எழுத்தை எடுக்கக் கூடாது. சென்னியப்பன் பெயரை எடுத்து ‘ஒரு விவசாயி’ என்று போடக் கூடாது, அவனைக் கேட்டுவிட்டேன், இப்போதுதான் போனில் கேட்டேன், “போடுங்கக்கா, அண்ணனுக்குக் காட்டறதுக்கு ஆகும்” என்றான். என் பெயரையும் எடுக்கக் கூடாது.

மணி ஐந்தாகப் பத்து. போட்டோ எடுத்துவிட்டேன். பெட்டி நிறைந்திருக்கிறது, அடியில் இருக்கிற கோடு காலியாக இருக்கிறது, நன்றாகத் தெரிகிற மாதிரிதான் எடுத்திருக்கிறேன். அந்தக் கோட்டில் என் கையெழுத்து இல்லாமல் உங்கள் படிவத்தை எந்தக் கமிட்டியும் தொடாது என்று நீங்களே சொன்னீர்கள். அதனால் சொல்கிறேன், ஒரு தடவைதான் சொல்வேன், அதற்கப்புறம் வாயை மூடிக்கொள்வேன். இது கமிட்டி வந்து, நிதி வந்து, மூன்று ஜில்லாவுக்கும் போய், அடுத்த வெர்ஷனில் ஆகிற வேலை இல்லை. அண்ணன் காட்டுப் புள்ளிக்கு நாளைக் காலை வண்டி கேட்டிருந்தார்கள், அதை நான் நிறுத்திவிட்டேன், மற்ற காடுகளில் எந்த வண்டி எங்கே நிற்கிறதோ எனக்குத் தெரியாது. நோட்டு பதினொன்றும் அதே சாக்கில் என் மேஜைக்கு வரட்டும். அதுகூட நாளை வரட்டும், பொறுக்கிறேன். புள்ளிக்குப் பொறுக்க மாட்டேன், அது அழிகிற வரைக்கும் அந்தக் கோடு காலிதான். என் கேப் தப்பு என்று சொல்ல உங்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். உங்கள் ‘பு’வும் தப்புதான் மேடம், நான் சிரிக்கவில்லை. நூற்று நாற்பத்து மூன்று வெளிர் நீலத்தையும் அழியுங்கள், அழித்த இடத்தில் புகை என்று முழுசாக எழுதுங்கள், சுருக்காமல். இன்றைக்கே எழுதுங்கள்.